இனிப்பு வேட்கையின் உடலியல்

சர்க்கரை ஒரு போதைப்பொருளுக்கு நிகரானது என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் கருத்தின் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபலும் அவருடைய குழுவினரும் 2000-களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வுகளில், எலிகள் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உணவின்றி வைக்கப்பட்டு, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழக்கமான தீவனத்தோடு சர்க்கரைக் கரைசலும் பெற்றன. சில வாரங்களில் அவை கரைசல் கிடைத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அளவுக்கு மீறிக் குடிக்கப் பழகிவிட்டன. அபின் வகைப் பொருள்களின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் பற்கள் தந்தியடிப்பதும் முன்கால்கள் நடுங்குவதும் எனப் போதை விலக்கத்தின்போது தோன்றும் அறிகுறிகள் அவற்றிடம் காணப்பட்டன. பழகிய உணவை உண்ணும்போது மூளையின் வெகுமதிப் பகுதியில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் அளவு நாளடைவில் தணிவதே இயல்பு. இந்த எலிகளிடம் அது தணியவில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுவைப்பதுபோலவே உயர்ந்தது.

இந்தச் செய்தி உலகெங்கும் பரவியபோது அதன் மிக முக்கியமான விவரம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அதே சர்க்கரைக் கரைசலை நாள் முழுவதும் தடையின்றிப் பெற்ற எலிகளிடம் இந்த அறிகுறிகள் தோன்றவில்லை; பட்டினியும் திடீர் விருந்தும் மாறி மாறி வந்த எலிகளிடம்தான் தோன்றின. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூவர் 2016-ஆம் ஆண்டில் இத்துறையின் சான்றுகளை மறு ஆய்வு செய்து, அடிமைத்தனத்தை ஒத்த நடத்தை விலங்குகளிடம் இத்தகைய இடைவெளிச் சூழலில் மட்டுமே எழுகிறது என்றும், மனிதர்களைப் பொறுத்தவரை சர்க்கரை என்ற ஒரு தனிப்பொருளுக்கு அடிமையாதல் நிகழ்கிறது என்பதற்கான சான்று மிகக் குறைவு என்றும் முடிவுக்கு வந்தனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பிலும் சர்க்கரை அடிமைத்தனம் என்று ஒரு நோய் இடம்பெறவில்லை. உணவின் மீதான கட்டுப்பாட்டை இழப்பதை அளவிட யேல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் உருவாக்கப்பட்ட வினாத்தொகுதியைக் கொண்டு, எந்த உணவுகளில் மக்கள் தம்மை மறக்கின்றனர் என்று கேட்டுப் பார்த்தபோது, பீட்சா, சாக்லேட், சிப்ஸ் போன்ற, கொழுப்பும் மாவும் சர்க்கரையும் உப்பும் பலவாறாகச் சேர்ந்த தொழிற்சாலை உணவுகளே முன்னின்றன. வெறும் சீனியைக் கரண்டியால் அள்ளி உண்பவர் அரிது என்ற அன்றாட அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது.

ஆனாலும் பெயர் பற்றிய இந்த வழக்கு, இனிப்பை நிறுத்த முயன்று தோற்பவர் உணரும் இழுப்பைப் பொய்யாக்கிவிடுவதில்லை. கோகைன் எடுப்பவரின் மூளையில் நிகழ்வது அப்படியே இங்கும் நிகழ்கிறதா என்ற கேள்வியைவிட, அந்த இழுப்பு உடலில் எங்கே, எவ்வாறு உருவாகிறது என்ற கேள்வியே அதிலிருந்து மீள விரும்புபவருக்குப் பயன் தரும்.

டோபமைன் இன்பத்தின் வேதிப்பொருள் என்று எளிமையாகச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அது முழு உண்மையன்று. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் நகரில் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் 1990-களில் குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தபோது, முதலில் பழச்சாறு நாவில் பட்ட கணத்தில் துடித்த டோபமைன் அணுக்கள், சாறு வருவதற்கு முன் ஓர் ஒளி தோன்றும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்டபின், சாற்றுக்கு அசையாமல் ஒளிக்கே துடித்தன. ஒளி தோன்றியும் சாறு வராதபோது அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அதாவது இந்த அணுக்கள் இன்பத்தை அளப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அளக்கின்றன. மாலை நான்கு மணி, அலுவலகத்தின் தேநீர்த் தட்டு, இனிப்புக்கடையின் நெய்மணம், தொலைக்காட்சி முன்னுள்ள நாற்காலி ஆகியவை ஒருவருக்கு அந்த ஒளியின் இடத்தைப் பெற்றுவிடுகின்றன; பசியில்லாத வேளையிலும் வேட்கை எழுவதற்கும், எழுந்த வேட்கை நிறைவேறாதபோது உண்மையான ஏமாற்றம் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

கற்பது மூளை மட்டுமன்று என்பது இதைவிட வியப்பானது. நாவிலுள்ள இனிப்பு உணரிகள் இரண்டு புரதங்களின் இணைப்பால் ஆனவை. அவற்றில் ஒன்றை உருவாக்கும் மரபணு பூனைகளிடம் பழுதுபட்டிருப்பதால் பூனைக்கு இனிப்பு என்றொரு சுவையே தெரியாது. அவ்வாறே சுவையறியும் சமிக்ஞைப் பாதையை மரபணு மாற்றத்தால் இழந்த எலிகளைக் கொண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் 2008-இல் ஒரு சோதனை நடத்தப்பட்டது. இனிப்பை உணர முடியாத அந்த எலிகளும் சில நாள்களில் வெறும் நீரைவிடச் சர்க்கரை நீரையே நாடக் கற்றுக்கொண்டன; அவற்றின் மூளையில் டோபமைனும் சுரந்தது. நாவுக்குத் தெரியாததை உடல் வேறொரு வழியாக அறிந்திருக்கிறது. அந்த வழி எது என்பதை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜுக்கர் குழுவினர் 2020-இல் காட்டினர். குடலில் குளுக்கோஸ் வந்து சேர்ந்ததும், குடலையும் மூளைத்தண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு அச்செய்தியை மூளைத்தண்டிலுள்ள ஒரு குறிப்பிட்ட அணுக்கூட்டத்துக்குக் கொண்டுசெல்கிறது. சர்க்கரை நீர், செயற்கை இனிப்பு நீர் ஆகிய இரண்டையும் எலிகள் முதலில் ஏறத்தாழச் சமமாகவே அருந்தின. இரண்டே நாள்களில் அனைத்தும் சர்க்கரை நீரின் பக்கம் சாய்ந்தன. அந்த அணுக்கூட்டத்தை முடக்கியபோது சாய்வு மறைந்தது. செயற்கை இனிப்புக்கு மாறியவர்களுக்கு நாவு நிறைந்தும் மனம் நிறையாமல் இருப்பதன் காரணம் இங்கே இருக்கக்கூடும். அது எலிகளிடம் கண்டது என்பதை நினைவில் கொள்வது நலம். எனினும் உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் மனித ஆய்வுகளின் அடிப்படையிலேயே பரிந்துரைத்தது.

வேட்கை இவ்வாறு கற்கப்படுகிறது என்றால், அதன் விளைவு முதன்மையாகக் கல்லீரலில் எழுதப்படுகிறது. சமையலறைச் சர்க்கரையாகிய சுக்ரோஸ் என்பது குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் இணைந்த மூலக்கூறு. சிறுகுடலில் அது இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் இரத்தத்தின் வழியே தசை, மூளை என எல்லா உறுப்புகளுக்கும் சென்று எரிபொருளாகிறது. இன்சுலின் அதன் போக்கை நெறிப்படுத்துகிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதியோ கல்லீரலிலேயே கையாளப்படுகிறது. குளுக்கோஸ் சிதைவில் ஆற்றல் போதும் என்ற நிலையில் தடைபோடும் நொதிப்படி ஒன்று உண்டு. ஃபிரக்டோஸ் அந்தப் படியைச் சுற்றிச் சென்றுவிடுவதால், ஒரே வேளையில் மிகுதியாக வந்து சேரும்போது அது கொழுப்பாக மாற்றப்படுகிறது, கூடவே யூரிக் அமிலமும் உண்டாகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மிகையெடை கொண்டோர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, தம் ஆற்றல் தேவையில் நான்கில் ஒரு பங்கைப் பத்து வாரங்களுக்கு ஒரு பிரிவினர் குளுக்கோஸ் பானமாகவும் மறு பிரிவினர் ஃபிரக்டோஸ் பானமாகவும் பெற்றனர். இரு பிரிவிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவில்தான் கூடியது. ஆனால் வயிற்றறையின் உறுப்புகளைச் சூழும் கொழுப்பு ஃபிரக்டோஸ் அருந்தியவர்களிடமே குறிப்பிடத்தக்க அளவில் பெருகியது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறனும் அவர்களிடமே குறைந்தது. மது அருந்தாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவதன் விளக்கத்தில் ஒரு பகுதி இது. நான்கில் ஒரு பங்கு என்பது மிகப் பெரிய அளவு என்பதால் ஆய்வின் எண்களை அன்றாட வாழ்வுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

பழத்திலும் இதே ஃபிரக்டோஸ்தானே உள்ளது என்ற கேள்வி நியாயமானது. ஓர் ஆரஞ்சில் அது நாரோடும் உயிரணுச் சுவர்களோடும் பிணைந்து, மென்று விழுங்கப்பட்டு, மெதுவாகக் குடலை அடைகிறது. நான்கு ஆரஞ்சுகளைப் பிழிந்த சாறோ ஒரே மூச்சில் உள்ளே போய்விடுகிறது, அத்துடன் திட உணவு தரும் நிறைவுணர்வையும் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஆலையோ சமையல்காரரோ உண்பவரோ உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் ஒரே தொகுப்பாக்கிக் கட்டற்ற சர்க்கரை என்று வகைப்படுத்தியதன் காரணம் இதுவே; முழுப் பழமும் பாலும் அதில் சேரா. இவ்வகைச் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்குக் குறைவாக, அதாவது சுமார் 25 கிராமாக, இருந்தால் மேலும் நன்று என்றும் அது கூறுகிறது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம் என்பதால், இரண்டு கரண்டி போட்ட தேநீர் நாளுக்கு மூன்று குடிப்பவர் வேறு எந்த இனிப்பையும் தொடாமலே 24 கிராமை எட்டிவிடுகிறார். 330 மில்லிலிட்டர் கோலா பானம் ஒன்று 35 கிராமைத் தருகிறது. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. அவற்றில் சிறிதளவு தாதுக்கள் உண்டு, மணமும் உண்டு, ஆனால் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சீனியை விலக்கிவிட்ட நிம்மதியில் கருப்பட்டிக் காப்பியை இரட்டிப்பாகக் குடிப்பவர் இழந்தது எதுவுமில்லை, பெற்றதும் எதுவுமில்லை.

சர்க்கரை மிகுந்த பானங்களை நாளொன்றுக்கு ஒன்றிரண்டு முறை அருந்துவோருக்கு, அரிதாக அருந்துவோரைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 விழுக்காடு கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு காட்டியது. இத்தகைய எண்கள் எப்போதும் ஓர் ஐயத்தைக் கிளப்புகின்றன, ஏனெனில் குளிர்பானம் மிகுதியாகக் குடிப்பவர் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவராக இருக்கலாம். மக்களைப் பிறப்பிலேயே இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மட்டும் சர்க்கரையைக் குறைத்துக் கொடுக்கும் சோதனையை யாரும் நடத்த முடியாது. ஆனால் வரலாறு அப்படியொன்றைத் தற்செயலாக நடத்திவைத்தது. இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரிட்டனில் 1940-இல் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு போர் முடிந்தும் தொடர்ந்து, 1953 செப்டம்பரில்தான் விலக்கப்பட்டது. விலக்கியதும் சராசரி நுகர்வு நாளுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. அந்த எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் சில ஆண்டுகளுக்குள் கருவாகிப் பிறந்த சுமார் அறுபதாயிரம் பேரின் பிற்கால உடல்நலப் பதிவுகளை ஒப்பிட்டு 2024-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, கருவறையிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தைக் கழித்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவு என்றும், வந்தவர்களுக்கும் முறையே நான்கு ஆண்டுகளும் இரண்டு ஆண்டுகளும் தாமதமாகவே வந்தன என்றும் கண்டது. அறுபது வயதில் தெரியும் நோய்க்கு, நினைவே தொடங்காத வயதில் ஊட்டப்பட்ட இனிப்பும் ஒரு காரணமாகிறது என்பது, குழந்தை அழுதால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் அறிய வேண்டிய செய்தி.

பற்களைப் பற்றிய சான்று இதைவிடப் பழையது, பெறப்பட்ட விதமோ வெட்கத்துக்குரியது. சுவீடனின் லூண்ட் நகருக்கருகே விபெஹோல்ம் மனநல விடுதியில் 1940-களின் பிற்பகுதியில், அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு அவர்களுடைய ஒப்புதலின்றி ஒட்டும் தன்மையுள்ள மிட்டாய்கள் திட்டமிட்டு ஊட்டப்பட்டன. சர்க்கரையின் மொத்த அளவைவிட, அது பல்லில் ஒட்டியிருக்கும் நேரமும் உணவு வேளைகளுக்கு இடையே உண்ணும் தடவைகளுமே சொத்தையை மிகுவிக்கின்றன என்பது அதில் உறுதியானது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குவதால் ஒவ்வொரு முறையும் எனாமல் சிறிது கரைகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய இடைவெளி வேண்டும்.

ஆய்வறிஞர்களும் எப்போதும் தூய கைகளோடு இருந்ததில்லை. இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக்காட்டி, பழியைக் கொழுப்பின் மீது சாய்த்து 1967-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வந்த ஹார்வர்ட் ஆய்வாளர்களின் கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு பணம் கொடுத்திருந்தது என்பது 2016-இல்தான் ஆவணங்களோடு வெளியாயிற்று. சர்க்கரைக்கு எதிராக 1972-இல் நூலெழுதிய லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டார். அதற்காக, இன்று சர்க்கரை மீது சுமத்தப்படும் பழிகள் எல்லாமே உண்மை என்று கொண்டுவிடவும் கூடாது. இனிப்பு உண்ட குழந்தைகள் அடங்காமல் ஆடுவார்கள் என்ற நம்பிக்கையை, பெற்றோருக்கும் தெரியாமல் சர்க்கரையும் போலி இனிப்பும் மாற்றிக் கொடுத்த சோதனைகளின் 1995-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஆய்வு உறுதிப்படுத்தவில்லை.

மீளும் வழியைப் பற்றிப் பேசும்போது பிரின்ஸ்டன் எலிகளின் பட்டினி மீண்டும் முக்கியமாகிறது. பகல் முழுவதும் உணவைத் தவிர்த்து, இனிப்பை அறவே ஒழித்துவிட்டதாகச் சூளுரைத்து, இரவில் பசி தாளாமல் ஒரு பெட்டி இனிப்பை முடித்துவிடுபவர், அந்த ஆய்வுக்கூடத்தின் அட்டவணையைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்கிறார். மன உறுதி குறைந்தவர் என்று தம்மை நொந்துகொள்ளும் பலர் உண்மையில் வேளைக்கு உண்ணாதவர்களே. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எனப் புரதமும் நாரும் உள்ள உணவை நேரத்துக்கு உண்டு வயிறு நிறைந்திருக்கும்போது இனிப்பின் இழுப்பு தணிகிறது. இனிப்பு வேண்டுமெனில் உணவின் இறுதியில் சிறிதளவு உண்பது, வெறும் வயிற்றில் தேநீரோடு உண்பதைவிடக் குடலுக்கும் பல்லுக்கும் நல்லது.

முதலில் குறைக்க வேண்டியவை பானங்கள், ஏனெனில் அவற்றில்தான் சர்க்கரை மிகுதி, நிறைவு மிகக் குறைவு. தேநீர்க் கடையில் ஒரே நாளில் ‘வித்தவுட்’ என்று மாறிவிடுபவர்களில் பலர் வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதைக் காணலாம். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, சில வாரம் கழித்து ஒன்றாக்கி, பின்னர் அரையாக்குவது நிலைக்கும். இதற்கு நாவும் ஒத்துழைக்கிறது. பிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றலில் 40 விழுக்காட்டைக் குறைத்து மூன்று மாதம் உண்டவர்கள், அதே இனிப்புள்ள உணவை முன்னைவிட மிக இனிப்பானதாக உணரத் தொடங்கினர். ஆனால் அவர்கள் விரும்பிய இனிப்பின் அளவு அதற்கேற்பக் குறையவில்லை என்பதும், ஆய்வுக்குப்பின் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய உணவுக்கே மீண்டனர் என்பதும் அதே ஆய்வின் முடிவுகள். சில வாரத்தில் நாவு திருந்திவிடும், பிறகு கவலையில்லை என்று உறுதி கூறும் நூல்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

நாவை நம்பியிருக்க முடியாதபோது சூழலை மாற்றுவதே உறுதியான வழி. ஷூல்ட்ஸின் குரங்குகளிடம் ஒளிக்கும் சாற்றுக்கும் இருந்த தொடர்பு, ஒளி மட்டும் வந்து சாறு வராத முறைகள் பெருகப் பெருகத் தளர்வது போலவே, மாலைத் தேநீரோடு பிஸ்கட் வராத நாள்கள் பெருகும்போது அந்த வேளையின் வேட்கையும் தளர்கிறது. முதல் சில நாள்களின் ஏமாற்றமே அதன் விலை. வீட்டில் இனிப்பு கண்ணில் படாமலிருப்பதும், அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியை இனிப்புக்கடை இல்லாத தெருவுக்கு மாற்றிக்கொள்வதும் கோழைத்தனமல்ல, நரம்பியல். தூக்கத்தின் பங்கும் பெரிது: இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கிய இளைஞர்களிடம் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு உயர்ந்ததை சிகாகோ பல்கலைக்கழகம் 2004-இல் பதிவு செய்தது, குறைவாக உறங்கிவந்தவர்களை நீண்ட நேரம் உறங்கச் செய்த லண்டன் கிங்ஸ் கல்லூரியின் 2018-ஆம் ஆண்டுச் சிறு ஆய்வில், உணவைப் பற்றி எந்த அறிவுரையும் இல்லாமலேயே அவர்களுடைய கட்டற்ற சர்க்கரையின் அளவு நாளுக்குச் சுமார் 10 கிராம் குறைந்தது.

சர்க்கரையை விட்ட முதல் வாரத்தில் தலைவலியும் எரிச்சலும் வருவதாகப் பலர் கூறுகின்றனர். அவர்களில் கோலாவையோ காப்பியையோ தேநீரையோ சேர்த்தே நிறுத்தியவர்களுக்கு அந்தத் தலைவலி பெரும்பாலும் காஃபீன் விலக்கத்தால் வருவது; பானத்தை வைத்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் குறைத்தால் அது வருவதில்லை. கட்டுக்கடங்காமல் உண்பதும், ஒளித்து உண்பதும், உண்டபின் குற்றவுணர்வில் மூழ்குவதும் அடிக்கடி நிகழ்கிறதெனில், அது மிகையுணவுக் கோளாறு என்ற, மருத்துவம் அங்கீகரித்த வேறொரு நிலையாக இருக்கலாம். அதற்கு உளவியல் சிகிச்சை உண்டு.

தமிழ்நாட்டுச் சூழலில் இன்னொன்றைக் கருத வேண்டியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் நடத்தி 2023-இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடும் 13.6 கோடிப் பேர் அதன் முன்னிலையிலும் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்கள் எல்லோருடைய நோய்க்கும் சீனிதான் காரணம் என்பது சரியன்று. தட்டு நிறைய வெள்ளையரிசிச் சோறும், குறைந்த உடலுழைப்பும், குடும்ப மரபும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. ஆயினும் முன்னிலையில் உள்ளோருக்கு நடையும் உணவு மாற்றமும் பழக்கிய, சென்னையில் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளில் நீரிழிவாக மாறுவது 28.5 விழுக்காடு குறைந்தது. சர்க்கரையையும் மாவுணவையும் குறைப்பது அந்தப் பழக்கத்தின் ஓர் அங்கம்.

ஏற்கெனவே இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் இனிப்பையும் மாவுணவையும் திடீரென வெட்டிவிடக் கூடாது. உணவு குறைந்து மருந்து குறையாதபோது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியபின்னரே உணவை மாற்ற வேண்டும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் தோன்றும்போது 15 கிராம் குளுக்கோஸை உடனே நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சாக்லேட் அந்த வேளைக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு குளுக்கோஸ் இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும்.